காயத்ரி பெயரில் ஓடிய லைன்

இத்தலாருக்குக் கீழே, ரோடு வளையும் இடத்தில் ஒரு தேயிலை ஃபாக்டரி நிற்கிறது. புகைபோக்கி இருக்கிறது, புகை இல்லை. பச்சை இலை விலை விழுந்துகொண்டே போனதில், சுற்றுவட்டத்தில் தோட்டம் வைத்திருந்தவர்கள் பறிக்கிற கூலிக்குக்கூட இலை கட்டாது என்று செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பு உயரம் இருக்க வேண்டிய செடி மரமாகப் போய்விட்டது. சிலர் வேரோடு பிடுங்கிவிட்டு கேரட் போட்டார்கள். ஃபாக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடியது, பிறகு ஒரு நாள், பிறகு பூட்டு. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், கண்ணுகளா. பூட்டிய பிறகு நடந்த ஓர் அசிங்கத்தைத்தான் நான் சொல்ல வந்தேன்.

அந்த ஃபாக்டரியில் இலை எடை போட்டுக் கணக்கு எழுதுகிற கிளார்க்காக இருந்தவர் ஆறுக்குட்டி. காரமடைப் பக்கத்துக்காரர். மனைவி அம்சவேணி, ஒரே பெண் காயத்ரி. ஃபாக்டரிக்குப் பின்னால் வரிசையாகக் கட்டியிருந்த குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். பக்கத்து வீடு டீமேக்கர் பைரோஸுடையது. அவர் மனைவி நாஜ்னீனுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். மேலே மேட்டில் மேனேஜர் பங்களா. மேனேஜர் பொன்னுத்துரை.

அந்தக் குவார்ட்டர்ஸில் ஒரு சட்டம் உண்டு. சுவரில் திருகியது எதுவானாலும் அது ஃபாக்டரியுடையது. பல்பு ஹோல்டர், ஃபேன், குழாய், துணி மாட்டுகிற கொக்கி, எல்லாமே. வீட்டைக் காலி செய்கிறவர்கள் ஒவ்வொன்றாகக் கழற்றி ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். பொன்னுத்துரையே வந்து சுவரைத் தடவிப் பார்ப்பார். எல்லாம் வந்துவிட்டது என்று அவர் கையெழுத்துப் போட்டால் அதற்குப் பெயர் கிளியரன்ஸ். அதோடு அந்த ஆளுக்கும் அந்த வீட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கரண்டு, தண்ணீர், பால் சொசைட்டி எல்லாவற்றையும் ஃபாக்டரியே சொல்லி நிறுத்திவிடும். இருபது வருஷம் அங்கே இருந்த ஆறுக்குட்டிக்கு உலகமே அப்படித்தான் நடக்கிறது என்று ஒரு நினைப்பு.

கொரோனா சமயத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் ஃபோனில் வந்தது. அந்தப் பள்ளத்தில் சிக்னல் எட்டிப் பார்க்காது. ஒரு பிராட்பேண்ட் கம்பெனிக்காரன் ஃபாக்டரி வரைக்கும் கேபிள் இழுத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, குவார்ட்டர்ஸ் பெண்கள் கூடிப் பேசி, எல்லா வீட்டுக்குமாக ஒரே லைன் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். யார் பெயரில் வாங்குவது?

"காயத்ரி பேருலயே இருக்கட்டும். காலேஜ் படிக்கிற புள்ள, இங்கிலீசுல மெசேஜ் வந்தா அதுக்குத்தான் புரியும்" என்றாள் நாஜ்னீன். காயத்ரிக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. தன் பெயரில் ஒன்று வருகிறதே என்று அவளுக்குப் பெருமை. வந்தவன் டேப்லெட்டை நீட்டினான், அவள் விரலால் கையெழுத்துப் போட்டாள். நெட் வருகிற பாக்ஸ் இலவசம், ஆனால் சொன்ன காலத்துக்கு முன்னால் விட்டால் மீதிக் காலத்துக்கும் பாக்ஸுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று அதில் எங்கேயோ எழுதியிருந்தது. அவன் அதைச் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. பாக்ஸை ஆறுக்குட்டி வீட்டுச் சுவரில் திருகிவிட்டுப் போனான்.

ஃபாக்டரி பூட்டியதும் ஒவ்வொரு வீடாகக் காலியானது. ஆறுக்குட்டி முறைப்படி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். ஃபேன், ஹோல்டர், கொக்கி. கூடவே அந்த பாக்ஸும்.

"அது நம்மளுதில்லீங்களா?" என்றாள் அம்சவேணி.

"சுவத்துல திருகுனதுதான? அப்புறம் மேனேஜர் தடவிப் பாத்துட்டு, ஓட்டை இருக்குது, சாமான் எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்றது? லைன அவியளே நிறுத்திக்குவாங்க, நீ வா."

பொன்னுத்துரை கையெழுத்துப் போட்டார். குடும்பம் குன்னூருக்கு வந்து, நான் குடியிருக்கிற இதே காம்பவுண்டில் வாடகைக்கு இருந்தது. ஆறுக்குட்டிக்கு மார்க்கெட்டில் ஒரு மளிகை மண்டியில் வேலை கிடைத்தது. பைரோஸும் நாஜ்னீனும் எங்களுக்கு மேல் தெருவில் வந்து தங்கினார்கள்.

காயத்ரி டிகிரி முடித்துவிட்டு பேங்க் பரீட்சைக்குப் படித்தாள். அந்த வீட்டில் மூன்று பேருக்கும் அது ஒன்றுதான் நம்பிக்கை. ஆறுக்குட்டிக்குக் குனிந்து குனிந்து மூட்டை எண்ணி முதுகு போய்விட்டது. "இவ ஒரு வேலையில உக்காந்துட்டா அவர ஊட்டுல உக்கார வெச்சிருவேனுங்க" என்று அம்சவேணி என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அந்த நாட்களில் அம்சவேணியின் ஃபோனுக்கு ஓர் ஆள் கூப்பிட ஆரம்பித்தான். பாக்ஸ் வாங்கும்போது காயத்ரி தன் நம்பரோடு அம்மா நம்பரையும் கொடுத்திருந்தாள். படிப்பு கெடுகிறது என்று தெரியாத நம்பர்களையெல்லாம் அவள் தன் ஃபோனில் பிளாக் செய்து வைத்திருந்ததால், அவன் அம்மாவைப் பிடித்துக்கொண்டான்.

"காயத்ரி இருக்காளா? கம்பெனிய ஏமாத்திட்டு ஓடிட்டாளே, எங்க இருக்கா?"

"யாருடா நீ? எம் புள்ளய அவ இவங்கறே?"

"பாக்கி வெச்சவள அப்படித்தான் பேசுவாங்க. நாளைக்கு உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு பேசட்டுமா? நாலு பேருக்குத் தெரியட்டும், பொண்ணு எப்படிப்பட்டவன்னு."

ஃபோனில் பேசித் திருடுகிற கூட்டம் பற்றி போலீஸ் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்த சமயம் அது. அம்சவேணி கெட்டிக்காரி போலப் பேசினாள். "வாடா, வா. எங்கூட்டுல திருடறதுக்கு ஒண்ணுமில்ல, பழைய சோறு இருக்குது, தின்னுட்டுப் போ." வைத்துவிட்டாள். அதை எங்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அவன் குரலில் இருந்த நாற்றத்தைச் சொல்லும்போது மட்டும் முகத்தைச் சுளிப்பாள்.

காயத்ரி பரீட்சையில் தேறிவிட்டாள். கோயம்புத்தூரில் வேலை, வருகிற திங்கட்கிழமை வந்து சேர வேண்டும் என்று ஆர்டரும் வந்தது. அம்சவேணி காம்பவுண்ட் முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். பரீட்சை முடிந்ததும் பிளாக்கை எடுத்துவிட்டிருந்த காயத்ரியின் ஃபோனுக்கு மறுநாளே பேங்கிலிருந்து கூப்பிட்டார்கள். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"உங்க கடன் ரெக்கார்டுல ஒரு பாக்கி காட்டுதுங்க. பிராட்பேண்ட். இப்ப எங்க ரூல் என்னன்னா, பாக்கி வெச்சிருக்கறவங்கள சேத்துக்க முடியாது. சேர்ற தேதிக்குள்ள கம்பெனிகிட்ட ஒண்ணும் பாக்கியில்லன்னு லெட்டர் வாங்கிட்டு வந்துருங்க. இல்லேன்னா ஆர்டர் கேன்சல் ஆயிரும்."

காயத்ரி அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊட்டியில் இருக்கிற அந்தக் கம்பெனி ஆபீசுக்குப் போனாள். துணைக்கு நாஜ்னீனும் போனாள். கண்ணாடி மேசைக்குப் பின்னால் ஒரு பெண், சட்டையில் ஷண்முகப்ரியா என்று பெயர் குத்தியிருந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"காயத்ரி மேடம், உங்க கனெக்‌ஷன் குவார்ட்டர்ஸ்ல இருந்து மேனேஜர் பங்களாவுக்கு ஷிஃப்ட் ஆகியிருக்கு. அப்ப பிளான் பெருசு பண்ணியிருக்கீங்க, சினிமா சேனல் எல்லாம் சேத்து. ரெண்டு வருஷத்துக்கு ஒத்துக்கிட்டிருக்கீங்க. எட்டு மாசம் ஒழுங்கா கட்டிட்டு, அப்புறம் கட்டவேயில்ல. இடையில விட்டதுக்கு மீதி, பாக்ஸ், வட்டி, எல்லாம் சேந்து நிக்குது."

"பங்களாவா? நாங்க வீட்டக் காலி பண்ணும்போதே பாக்ஸக் குடுத்துட்டோமே!"

"எங்ககிட்ட குடுக்கலையே மேடம்."

"நான் எதுக்கும் ஒத்துக்கலீங்க."

"உங்க நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பி, நீங்க சொல்லித்தான் மாத்தியிருக்கோம்."

காயத்ரி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். ஆறுக்குட்டி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா?"

"மேனேஜர் கூப்புட்டாருங்கண்ணு" என்றார் மெதுவாக. "நாம குன்னூர் வந்த புதுசுல. புள்ள ஃபோனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதச் சொல்லு ஆறுக்குட்டி, உன்ற பி.எஃப். பேப்பருக்கு வேணும்னாரு. நீ குளிச்சிட்டிருந்த. ஃபோனு கட்டில் மேல கிடந்துது. பாத்துச் சொன்னேன். சார்னு சொல்லி, மறுபடியும் ஒருக்கா சொன்னேன்."

நாஜ்னீன் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்தியது பத்தாமல் சொன்னாள்: "அண்ணா, சுவத்துல இருந்த ஆணியக்கூட எண்ணிக் குடுத்த ஆளு நீங்க. பெத்த பொண்ணு பேர எண்ணாம தூக்கிக் குடுத்துட்டீங்களே."

காயத்ரி அப்பாவைத் திட்டவில்லை. மேசைப் பக்கம் திரும்பி, லைனைப் பயன்படுத்தியது வேறு ஆள், விசாரிக்க வேண்டும் என்று அங்கேயே புகார் கொடுத்தாள். ஷண்முகப்ரியா சிரித்த முகத்தோடு பதிந்துகொண்டாள்.

அங்கிருந்து நேரே பஸ் பிடித்து மூன்று பேரும் இத்தலாருக்குப் போனார்கள். அங்கே நடந்ததை நாஜ்னீன் எனக்கு நடித்தே காட்டினாள், அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

பங்களாவுக்கு முன்னால் இருந்த புல்தரை முழுக்க இப்போது கேரட். பொன்னுத்துரை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே டிவியில் கிரிக்கெட் கத்திக்கொண்டிருந்தது.

"அடடே, ஆறுக்குட்டி! வா, வா. பொண்ணு பேங்க் வேலைக்குப் போகுதாமே? நம்ம ஃபாக்டரிப் புள்ள! எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

ஆறுக்குட்டி கும்பிட்டார். கை தானாகப் போய்விட்டது. காயத்ரிதான் விஷயத்தைச் சொன்னாள். பொன்னுத்துரை முகம் கொஞ்சம்கூட மாறவில்லை.

"அதுவா? ஸ்டோர்ல கிடந்துது, எடுத்து மாட்டிக்கிட்டேன். சுவத்துல இருந்தது ஃபாக்டரி சாமான். ஃபாக்டரி சாமான மேனேஜர் யூஸ் பண்ணாம வேற யாரு யூஸ் பண்றது?"

"லைன் எம் பேர்ல இருந்துதுங்க சார்."

"இருக்கட்டுமேம்மா. புதுசா வாங்குனா ஆதார் குடு, ஃபோட்டோ குடுன்னு ஆயிரம் கேப்பான். இருக்கறத மாத்திக்கிட்டேன். மாசாமாசம் நான்தானே கட்டினேன்? நான் கட்டின வரைக்கும் உனக்குத்தான் நல்ல பேரு."

"அப்புறம் ஏன் சார் கட்டல?" என்றாள் நாஜ்னீன்.

"வேற கம்பெனிக்காரன் வந்தான். கிரிக்கெட்டும் சேத்து, பழையவனவிட கம்மிக்குக் குடுத்தான். மாறிட்டேன். யாருதான் மாறல?"

"மாறுறவங்க முடிச்சுட்டு மாறுவாங்க சார்."

"நீ பைரோஸ் சம்சாரம்தானே? உனக்கு அன்னிக்கே வாய் ஜாஸ்தி." சிரித்தார். "நான் என்னம்மா கையெழுத்தா போட்டேன்? எம் பேர்ல ஒண்ணுமில்லையே. பழைய கம்பெனிக்காரன் எனக்கு ஒரு ஃபோன்கூடப் பண்ணல, தெரியுமா? நிம்மதியா இருக்கேன்."

அம்சவேணியை அந்த ஃபோன்காரன் பேசிய பேச்செல்லாம் இந்த நிம்மதிக்காகத்தான் என்று காயத்ரிக்கு அப்போது புரிந்ததாம்.

"பாக்கியக் கட்டிருங்க சார். திங்கட்கிழமை நான் வேலையில சேரணும்."

"நானா? ஃபாக்டரியே பூட்டிக் கெடக்கு. இலைக்கு விலையில்லாம நானே கேரட் வித்துட்டிருக்கேன். பாக்ஸ் வேணும்னா எடுத்துட்டுப் போ, தர்றேன். பின்னால நாய்க் கொட்டாயில கிடக்கும்."

காயத்ரிதான் போய் எடுத்தாள். நாய் மூத்திரம் பட்டு மஞ்சளாகி, ரோமம் ஒட்டி, வயர் பாதி கடித்துக் கிடந்தது. துப்பட்டாவின் ஓரத்தால் பிடித்து ஒரு கவரில் போட்டாள். அவள் திரும்பி வருவதற்குள் பொன்னுத்துரை ஒரு பையில் கேரட் போட்டு ஆறுக்குட்டி கையில் கொடுத்துவிட்டிருந்தார்.

"பொண்ணு நல்ல காரியத்துக்குப் போகுது. வெறுங்கையா அனுப்புனா எனக்கு மனசு கேக்காது."

"அத அங்கயே வைங்கண்ணா" என்றாள் நாஜ்னீன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஆறுக்குட்டியால் வைக்க முடியவில்லை. மேனேஜர் கொடுத்ததைத் திருப்பி வைக்க அவருக்குத் தெரியாது. கேட் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்து, பஸ் நிற்கிற இடத்தில் தேயிலைப் புதருக்குள் கொட்டினார். மேலே இருந்து ஒரு காட்டெருமை இறங்கி வந்தது. "அதாவது தின்னட்டும். அதுக்கு அந்த ஆளத் தெரியாது" என்றாளாம் நாஜ்னீன்.

கட்டுவது என்று முடிவு செய்தார்கள். கட்டினால்தான் வேலை. பாக்கி வாங்குகிறவன் மறுபடியும் அம்சவேணிக்குக் கூப்பிட்டான். இந்த முறை குரலில் தேன். பாதி கட்டினால் போதும், கணக்கை முடித்துவிடலாம் என்றான். மார்க்கெட்டில் பேரம் பேசியே பழகிய வீடு, பாதி என்றதும் ஆறுக்குட்டிக்கு மூச்சு வந்தது. காயத்ரி பேங்குக்கு ஃபோன் போட்டுக் கேட்டாள். பாதி கட்டினால் பாதியில் முடித்தது என்றுதான் ரெக்கார்டில் நிற்கும், அதுவும் கறைதான், லெட்டர் செல்லாது என்றார்கள். அவனுக்கும் அது தெரிந்திருக்கும், கண்ணுகளா. தெரிந்துகொண்டேதான் தேன் வடித்தான்.

முழுதாகக் கட்டினார்கள். எப்படிப் புரட்டினார்கள் என்று நான் சொல்ல வேண்டாம். அம்சவேணி அந்த வாரம் என்னைப் பார்த்தால் கழுத்து வரைக்கும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை காலை காயத்ரியும் அப்பாவும் ரசீதையும் அந்த நாற்றம் பிடித்த பாக்ஸையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் ஊட்டிக்குப் போனார்கள். ஷண்முகப்ரியா பாக்ஸை ஒரு பேனா முனையால் தள்ளிப் பார்த்துவிட்டு வாங்கி வைத்தாள். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"பணம் வந்துருச்சு மேடம். ஆனா லெட்டர் தர முடியாது. நீங்க குடுத்த புகார் ஓப்பன்ல இருக்கு."

"அதுக்கும் இதுக்கும் என்னங்க?"

"விசாரணை முடியாம பாக்கி இல்லன்னு லெட்டர் வராது, சிஸ்டம் விடாது. விசாரணைக்கு ரெண்டு மாசம் ஆகும்."

"திங்கட்கிழமை நான் சேரணுங்க."

"அப்ப புகார வாபஸ் வாங்கிருங்க. உடனே லெட்டர் அடிச்சுத் தர்றேன்." ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அச்சடித்தே வைத்திருந்தார்கள், இப்படி: மேற்படி இணைப்பை நானே பயன்படுத்தினேன். ஒப்பந்தக் காலம் முடியும் முன் என் விருப்பத்தின் பேரில் கட்டணம் செலுத்தாமல் விட்டுவிட்டேன். வேறு எவர் மீதும் எனக்குப் புகார் இல்லை.

காயத்ரி அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். "இது பொய்யிங்க" என்றாள்.

"எல்லாரும் இதுலதான் போடுவாங்க மேடம். சும்மா ஃபார்மாலிட்டி."

"நானு போடட்டுங்களா?" என்றார் ஆறுக்குட்டி. "நம்பர் சொன்னது நாந்தானுங்க. எம் பேர எழுதிக்குங்க."

"கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் போடணும் சார்."

பின்னால் வரிசையில் நின்ற ஆள் சீக்கிரம் என்று தொண்டையைச் செருமினான். காயத்ரி பேனாவை எடுத்தாள். தான் பயன்படுத்தாத பங்களா லைனைப் பயன்படுத்தியதாகவும், தான் பார்க்காத சினிமாவைப் பார்த்ததாகவும், தான் ஏமாற்றாத கம்பெனியை ஏமாற்றியதாகவும் கையெழுத்துப் போட்டாள். அந்த ஃபோன்காரன் இத்தனை நாளாக அவளை எதுவென்று சொன்னானோ, அதை இப்போது அவளே எழுதிக் கொடுத்தாள்.

பிரிண்டர் கரகரவென்று லெட்டரைத் துப்பியது. ஷண்முகப்ரியா முத்திரை குத்திக் கொடுத்தாள்.

"பேங்க்ல சேரப் போறீங்க இல்லையா மேடம்? கங்கிராட்ஸ். பேங்க் ஸ்டாஃபுக்கு எங்ககிட்ட நல்ல ஆஃபர் இருக்கு. உங்க பேர்லயே புதுசா ஒண்ணு போட்டுரலாமா?"

காயத்ரி லெட்டரை மடித்துப் பையில் வைத்தாள். வெளியே வந்து, நடைபாதை ஓரத்துச் சாக்கடையில் குனிந்து துப்பினாள். துப்பத் துப்ப வாயில் ஊறிக்கொண்டே இருந்ததாம்.

குன்னூர் பஸ் கேத்தியைத் தாண்டியது. பிறகு ஆறுக்குட்டிதான் ஆரம்பித்தார்.

"வேலையில சேந்து ஒரு ரெண்டு மாசம் போகட்டுங்கண்ணு. அப்புறம் அந்தாளு மேல போலீஸ்ல எழுதிக் குடுக்கலாம். நானே வர்றேன். நம்பர் கேட்டு வாங்குனான்னு நானே சொல்றேன். இந்த வாட்டி கும்புட மாட்டேன்."

"எப்படீங்கப்பா எழுதிக் குடுக்கறது?" என்றாள் காயத்ரி. "நாந்தான்னு கையெழுத்துப் போட்டாச்சு. இனி அவன்னு சொன்னா, பொய் சொன்னவ நானாயிருவேன். பேங்க்ல கேட்டா வேலை போயிரும்."

ஆறுக்குட்டிக்கு அது புரிய அருவங்காடு வரைக்கும் ஆயிற்று. புரிந்ததும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். காயத்ரி அவர் முதுகில் கை வைத்தாள். மூட்டை எண்ணிப் போன முதுகு.

"விடுங்கப்பா. நீங்க இனி மண்டிக்குப் போக வேண்டாம்."

திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். லெட்டரை வாங்கிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று உள்ளே விட்டார்கள். காயத்ரி பெயரில் இப்போது எந்தப் பாக்கியும் இல்லை. பொன்னுத்துரை பெயரில் எப்போதுமே இருந்ததில்லை.